அண்ணன் படம் பிடித்த டால்பினும் அப்பாவின் நண்டுகளும்

அப்பாவின் அஸ்தியை நான்தான் கரைக்க வேண்டும் என்று சொன்னவர் அப்பாதான். நான் கேட்கவில்லை. போர்ட் கிள்ளானில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருக்கு வாயோரம் வழிந்த தேநீரை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். "நான் போனா நீயே கரைச்சிடும்மா. உன் கையால. பெரியவன விட்டுடு." ஸ்ட்ரோக் வந்து நாக்கு குழறிப்போன மனிதர். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவருவார். சரிப்பா என்றேன். சத்தியம் பண்ணு என்றார். அவருடைய இடது கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். வலது கை எப்போதும்போல மடியில் செத்துக் கிடந்தது.

ஏழு வருடம் அப்படிக் கிடந்தது அந்தக் கை. அம்மா இறந்த பிறகு அப்பா போர்ட் கிள்ளானுக்குப் பக்கத்தில் பண்டமாரானில் என்னோடு வந்து தங்கினார். வந்த ஆறாவது மாதம் குளியலறையில் விழுந்தார். அதற்கு முன்னால் அவர் ரயில்வேக்காரர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் நானும் அண்ணனும் வளர்ந்தோம். வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தோடு நடந்து சிக்னல் கம்பிகளைச் சரிபார்த்த ஆளுக்கு, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற இன்னொருவர் தோள் வேண்டியதாகிவிட்டது. அந்தத் தோள் என்னுடையது. துறைமுகத்தில் சரக்குக் கப்பல் பேப்பர்களைப் பார்க்கும் அலுவலகத்தில் பதினாறு வருடம் வேலை செய்தவள் நான். அந்த வேலையை விட்டேன். எனக்கு இடுப்பு வலி வந்தது இந்த ஏழு வருடத்தில். யாரும் கேட்காததால் நானே சொல்கிறேன்.

அண்ணன் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கிறான். மூத்தவரை அவர் என்றுதான் எழுத வேண்டும். நேரிலும் இத்தனை வருடம் நீங்க, வாங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இங்கே முடியாது, மன்னிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், டிக்கெட் கிடைக்கவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பெட்டாலிங் ஜெயாவிலிருந்து பண்டமாரானுக்கு ஹைவேயில் முக்கால் மணி நேரம். தீபாவளிக்கு வருவான். அப்பா பிறந்தநாளுக்குக் கேக்கோடு வருவான். அப்பாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்வான். அதற்கு முன்னால் நான் அப்பாவுக்குப் பெம்பர்ஸ் மாற்றி, பவுடர் போட்டு, நல்ல சட்டை மாட்டி வைத்திருக்க வேண்டும். போன முறை ஒரு நாள் முன்னதாகச் சொல்லாமல் வந்துவிட்டு, "என்ன இது, வீடெல்லாம் நாத்தம் அடிக்குது?" என்று மூக்கைப் பொத்தினான். எனக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது. அப்பா இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைக் காரில் ஏற்றி ஆற்று முகத்துக்குக் கூட்டிப்போவேன். தண்ணீர் வற்றிய நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். கண்டல் மரங்களுக்குக் கீழே சேறு பளபளவென்று கிடக்கும். ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் சேற்றில் இருக்கும் பொத்தல்களிலிருந்து சின்னச் சின்ன நண்டுகள் வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரியது, இன்னொன்று இத்தனூண்டு. பெரியதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் பார்ப்பார்கள். சாப்பிடுவது என்னவோ சின்னக் கொடுக்கால்தான். சேற்றைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருட்டிக் கீழே போடும்.

முதல் தடவை அதைக் கவனித்தபோது அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "அதுக்கும் ஒரு கைதான் வேல செய்யுது" என்றார். இன்னொரு நாள், தீபாவளி முடிந்த வாரம், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெருசு சும்மா ஆட்டிக் காட்டத்தான். சோறு ஊட்டுறது சின்னது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதால் அவரும் அழுவார், அப்புறம் மூச்சுத் திணறும்.

அப்பா ஒரு வியாழக்கிழமை காலையில், நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது போய்விட்டார். அழுது முடிப்பதற்குள் அண்ணன் வந்து எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டான். யாரைக் கூப்பிடுவது, எத்தனை மணிக்கு எடுப்பது, எந்தப் படத்தைப் பெரிதாக்கி மாட்டுவது எல்லாம் அவன்தான். வந்தவர்கள் அவன் கையைப் பிடித்துத்தான் துக்கம் கேட்டார்கள். நான் அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். கொள்ளி வைப்பது மகன் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அஸ்தி விஷயத்தை அன்று சாயந்திரமே எடுத்துச் சொன்னேன்.

"அண்ணே, அஸ்திய நான் கரைக்கணும்னு அப்பா சொன்னாரு. சத்தியம் வாங்கிட்டாரு."

"எப்ப சொன்னாரு? யாரு கேட்டா?"

"என்கிட்ட சொன்னாரு."

"அவருக்குப் பேச்சே வராது. நீயா எதாச்சும் நினைச்சுக்காத லா."

பேச்சு வராதாம். அவனுக்கு எப்படித் தெரியும்? அப்பா ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தானே பேச்சு வருமா வராதா என்று தெரியும்! அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அவனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "பெரிய புள்ள இருக்கும்போது நீ ஏம்மா முந்துற? ஊரு என்ன பேசும்?" என்றார். ஏழு வருடம் அந்த ஊர் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். அத்தை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். கடைசியில், நான் படகில் வரலாம், தொடக்கூடாது என்று அண்ணன் தீர்ப்பு சொன்னான். "வா. வந்து பாரு. பானைய மட்டும் தொடாத."

தகனம் முடிந்த மறுநாள் காலை எலும்பு பொறுக்கி, பால் தெளித்து, மண்பானையில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, போர்ட் கிள்ளானுக்குக் கொண்டுவந்தோம். இங்கே அஸ்தி கரைப்பதற்கென்றே படகு விடுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அமைந்த படகுக்காரர் அறுபது வயதுத் தமிழர், கறுத்துச் சுருங்கிய உடம்பு. படகில் ஏறுவதற்கு முன்னால், காரியம் செய்ய வந்திருந்த பண்டாரம் கரையில் வாழையிலை விரித்து, எள்ளும் சோற்றுருண்டையும் வைத்தார். எல்லோரும் காகத்துக்குக் காத்திருந்தோம். காகம் மின்கம்பியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது.

வந்தது நண்டுகள்தான். சிமெண்டு மேடையின் விளிம்பில் ஏறி, இரண்டு மூன்று, பிறகு ஏழெட்டு. ஒன்று இலைக்கே வந்து ஒரு பருக்கையைச் சின்னக் கொடுக்கால் எடுத்துக்கொண்டது. அப்பாவோடு இத்தனை ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே ஜாதி நண்டு.

"ச்சீ! நண்டு வந்து தொடுது பாரு!" என்று அத்தை செருப்பைக் கழற்றி விரட்டினார். அண்ணன் முன்னால் வந்தான். காரியத்துக்கு வந்தவன் காலில் ஷூ போட்டிருந்தான். இலைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை அப்படியே மிதித்தான். நெறுக் என்று ஒரு சத்தம்.

"ஏன் மிதிச்சீங்க? அது உங்கள என்ன பண்ணுச்சு?" என்று கத்திவிட்டேன். அங்கே இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு நண்டுக்கு ஏன் இப்படிக் கத்துற? பைத்தியமா உனக்கு?"

ஆமாம், பைத்தியம்தான் என்றேன். பண்டாரம் குனிந்து, பெருமூச்சு விட்டு, இலையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மிதிபட்ட நண்டை நான் ஒரு காகிதத்தில் எடுத்துச் சேற்றில் விட்டேன். அது நகரவில்லை.

படகில் நான்கு பேர்தான் ஏறினோம். அண்ணன், பண்டாரம், படகுக்காரர், நான். அத்தையும் மற்றவர்களும் கரையில் நின்றார்கள். பெரிய கப்பல்கள் நிற்கும் வழியை விட்டு விலகி, கண்டல் தீவுகள் பக்கமாகப் படகு போனது. தண்ணீர் கலங்கல் பச்சையாக இருந்தது. ஓர் இடத்தில் எஞ்சினை நிறுத்தினார்கள். பண்டாரம் சூடம் காட்டி, மந்திரம் சொல்லி, செய்ய வேண்டியதை விளக்கினார். கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பானையைத் தோளுக்கு மேலே பின்பக்கமாக விட வேண்டும். விட்ட பிறகு திரும்பிப் பார்க்கவே கூடாது, அப்படியே உட்கார்ந்து கரைக்கு வந்துவிட வேண்டும்.

அண்ணன் முதுகு காட்டி நின்றான். பானை அவன் தோளில் இருந்தது. நான் அவனுக்கு எதிரே, பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சத்தியம் பண்ணிய கை சும்மா கிடந்தது. இன்னும் அரை நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு கடலோடு போய்விடும். மன்னிச்சிடுங்கப்பா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் படகுக்காரர் கையை நீட்டினார்.

"லும்பா-லும்பா! அதோ, லும்பா-லும்பா!"

அண்ணன் திரும்பினான்.

"திரும்பாதீங்க பாஸ்!" என்று பண்டாரம் கத்தினார். யார் கேட்டது? படகிலிருந்து இருபது முப்பதடி தூரத்தில் சாம்பல் நிறத்தில் உருண்டையாக ஒரு டால்பின் தலை வந்தது. டிவியில் பார்க்கிற மாதிரி நீண்ட மூக்கு இல்லை, துள்ளிக் குதிக்கவும் இல்லை. சின்ன உடம்பு, முதுகில் பேருக்கு ஒரு துடுப்பு. புஸ் என்று மூச்சு விட்டது. உள்ளே போனது. மறுபடி கொஞ்சம் தள்ளி வந்தது.

"அப்பா! அப்பா வந்துட்டாரு!" என்றான் அண்ணன். ஒரு கையால் பானையை அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் சட்டைப் பையைத் துழாவினான். போனைத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. என் பக்கம் பார்க்காமலேயே பானையை நீட்டினான்.

"இத கொஞ்சம் பிடி."

நான் வாங்கிக்கொண்டேன்.

பானை அவ்வளவு கனமில்லை. தினமும் நாலைந்து முறை தூக்கி உட்காரவைத்த ஆள் அதற்குள் இருந்தார். அண்ணன் போனை நீட்டிக்கொண்டு படகின் முனைக்குப் போனான். பண்டாரம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார். நான் துணியை அவிழ்த்தேன். முதுகு காட்டி நிற்கவில்லை. அப்பாவிடம் நான் பார்க்காதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்ன, இப்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ள? குனிந்து, பானையைத் தண்ணீரை ஒட்டி வைத்து மெதுவாகச் சாய்த்தேன். சாம்பல் ஒரு கணம் மேலே மிதந்து விரிந்தது. எலும்புத் துண்டுகள் உடனே இறங்கின. "அப்பா, கரைச்சிட்டேன்ப்பா. நீங்க சொன்ன மாதிரியே" என்று சத்தமாகத்தான் சொன்னேன். பிறகு பானையையும் விட்டுவிட்டேன்.

டால்பின் மூன்றாவது முறை வரவில்லை. அண்ணன் சிரித்த முகத்தோடு திரும்பி, கையை நீட்டினான். "குடு."

"கரைச்சாச்சு."

அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே! அடிப்பாவி என்றான், துரோகி என்றான், அப்பாவின் ஆத்மா சாந்தியடையாது என்றான். பண்டாரத்தைப் பார்த்து, இதெல்லாம் செல்லாது, வேறு பரிகாரம் சொல்லுங்கள் என்று குதித்தான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பண்டாரம் தேங்காயை உடைத்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டே, "விட்டது விட்டதுதான் பாஸ். திருப்பி அள்ளவா முடியும்?" என்றார். படகுக்காரர் எஞ்சினைக் கிளப்பினார்.

கரைக்குத் திரும்பும்போது அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். நான் படகுக்காரர் பக்கத்தில் இருந்தேன். "அது நிறைய வருமா அண்ணே?" என்று கேட்டேன்.

"லும்பா-லும்பாவா? மீனு பின்னாடி வரும் தங்கச்சி. நீங்க கரைச்சாலும் வரும், கரைக்காட்டியும் வரும். மூச்சு வாங்கிட்டுப் போயிடும்."

"நண்டு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நண்டு எங்க போவுது? இங்கதான் கிடக்கு. தண்ணி ஏறுனா பொந்துக்குள்ள போய் வாசல்ல சேத்த வச்சு அடைச்சுக்கும். எறங்குனா வெளிய வந்து வேலையப் பாக்கும். நீங்கள்லாம் போடுற பூவு, சோறு, பழம் எல்லாத்தையும் அதுதான் தின்னு சுத்தம் பண்ணுது. இல்லாட்டி இந்தக் கரையில நிக்க முடியுமா, நாறிப்போயிடும்."

நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். டால்பின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கலங்கல் தண்ணீரில், கப்பல்களுக்கு நடுவில், எங்கே வலையில் மாட்டுவோமோ என்று பயந்து பிழைக்கிற சின்ன உயிர் அது. மூச்சு முட்டியதால் மேலே வந்தது. நான் தெய்வம் என்று அது சொல்லவில்லை, நம்மவர்கள்தான் சொல்கிறார்கள். மூன்று விநாடி தலையைக் காட்டினால் போதும், நம் ஆட்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இரண்டு வேளையும் தண்ணீர் வற்றும்போதெல்லாம் வெளியே வந்து, நாம் அருவருத்து விட்டுப்போனதை எல்லாம் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறது நண்டு. அதைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறார்கள். என்ன புத்தி இது? அண்ணனை டால்பின் என்று சொல்லலாமா என்று ஒருமுறை நினைத்தேன். வேண்டாம், டால்பினுக்கு அவமானம். அது வந்தபோது யாருடைய முகத்துக்கும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை.

படகு கரையைத் தொடும் முன்பு அண்ணன் என் பக்கம் குனிந்து, "நடந்தத யார்கிட்டயும் சொல்லாத" என்றான். கரையில் அத்தை ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டு, "கடமைய முடிச்சிட்டியாப்பா? நல்லபடியா கரைச்சியா?" என்று அழுதார். அவன் தலையாட்டினான். என் கண் முன்னாலேயே தலையாட்டினான்! வாய் துறுதுறுத்தது. ஆனால் அன்றைக்குச் சண்டை வேண்டாம், சத்தியம் நிறைவேறியதே போதும் என்று பேசாமல் காரில் ஏறினேன். பெரிய முட்டாள் நான்.

அன்று சாயந்திரம் அப்பாவின் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது போனில் சத்தம் வந்தது. குடும்பக் குழுவில் அண்ணன் டால்பின் வீடியோவைப் போட்டிருந்தான். திறந்து பார்த்தேன். உருண்டைத் தலை, புஸ் என்ற மூச்சு, ஆடும் தண்ணீர். டால்பின் உள்ளே போனதும், படத்தில் எங்கேயோ பின்னாலிருந்து என் குரல் தெளிவாகக் கேட்டது. அப்பா, கரைச்சிட்டேன்ப்பா. நீங்க சொன்ன மாதிரியே. அவன் அதைக் கவனிக்கவே இல்லை போலிருக்கிறது. நான் உடனே சேமித்து வைத்துக்கொண்டேன். அப்பாவிடம் நான் கடைசியாகப் பேசியது அது.

அப்புறம் அவனே கேட்டுவிட்டான் போல, பத்து நிமிடத்தில் அந்த வீடியோ காணாமல் போனது. அதே வீடியோ மறுபடி வந்தது. சத்தத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் இசை போட்டிருந்தான். கீழே, "நான் அப்பாவின் அஸ்தியைக் கரைத்த நேரத்தில் டால்பின் உருவில் வந்து என்னை ஆசீர்வதித்தார்" என்று எழுதியிருந்தான். கும்பிடும் கைகள் வரிசை வரிசையாக வந்து விழுந்தன. பெரிய பிள்ளை செய்த புண்ணியம் என்று அத்தை குரல் பதிவே அனுப்பியிருந்தார். ஜெஞ்சாரோமிலிருந்து சித்தப்பா, இப்படி ஒரு மகன் கிடைக்க என் அண்ணன் கொடுத்து வைத்தவர் என்று எழுதினார்.

என் ஏழு வருடத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது பரவாயில்லை, போகட்டும். அப்பாவிடம் நான் விடை சொன்ன குரலை எடுக்க இவன் யார்? விரிப்புகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, சேமித்து வைத்த முதல் வீடியோவைக் குழுவில் போட்டேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

கும்பிடும் கைகள் நின்றன. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு அண்ணன் கூப்பிட்டான்.

"உடனே அத டிலீட் பண்ணு! அத்த, சித்தப்பா, எல்லாரும் கேட்டுட்டாங்க!"

"கேக்கணும்னுதான்டா போட்டேன்" என்றேன்.